ஏல மண்டபத்தில் ஒரு தலையாட்டி

என் தம்பி பெத்துராஜ் எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். போலீஸ் வேலைக்குப் போறியா என்று அப்பா கேட்டால் ஆட்டுவான். வாத்தியார் பயிற்சிக்குப் போயேன் என்று அம்மா சொன்னால் அதற்கும் ஆட்டுவான். ஊழியத்துக்கு வாயேன் தம்பி என்று போதகர் ஐயா கேட்டபோதும் ஆட்டினான். அவர் மனசு நிறைந்து நடுவீட்டிலேயே ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு மதுரை ரயில் ஏறுவான், கொஞ்ச நாளில் அதே பெட்டியோடு இறங்குவான். பிடிக்கலையாடா என்றால், அப்படியில்லக்கா என்பான். பின்னே எதுதான் பிடிக்கும் என்றால் முழிப்பான். இருபத்தைந்து வயசு ஆம்பளை அப்படி முழிப்பதைப் பார்த்தால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும். அதே கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்கு அப்பாவின் கடை வேண்டும். போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற ஞானதுரை என்றால் மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சர்க்கரை கண்ணில் இறங்கி அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. காயின் நிறம் சுத்தமாகத் தெரியாது. நிறம் தெரியாமல் ஏலக்காய் வாங்குகிறவன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கலாம். அதனால் ஏலத்துக்கு முந்தின நாள் கடைக்கு வரும் மாதிரிக் காய்களை நான்தான் பார்ப்பேன். நிறம் நான் சொல்வேன், எது வரைக்கும் போகலாம் என்று அப்பா முடிவு பண்ணுவார். வெளியே தெரிந்தால் ஆளாளுக்கு எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்தோம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மதுரை டாக்டர் இனிமேல் இந்த மங்கல் பார்வையும் தங்காது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா பெத்துராஜைக் கூப்பிட்டார். அடுத்த ஏலத்தில், மண்டபத்தில் எங்கள் கடைக்கென்று இருக்கிற நாற்காலியில் அவன் உட்கார வேண்டும், அப்பா பின்னால் பெஞ்சில் இருப்பார். அவன் ஒழுங்காகச் சரக்கு எடுத்தால் கடை போர்டில் அவன் பேர் ஏறும். சொதப்பினால் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையை அன்றைக்கே சாத்துவது. உனக்குச் சம்மதமாப்பா என்று கேட்டார். இவன் தலையாட்டினான்.

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சட்டியை நங்கென்று வைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாட்ட போய்ப் பேசு என்றாள். எந்த வாயோடு பேசுவது? அவன் ஜெயித்தால் கடை பிழைக்கும், நான் பின்னால் உட்கார்ந்து நிறமாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். தோற்றால் அதுவும் கிடையாது. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் தேற்றி அனுப்பத் தயாரானேன்.

ஏலத்தன்று காலையில் அவனை உட்காரவைத்து இரண்டே விஷயம் சொன்னேன். ஏலத்துக்கு வருகிற சரக்கில் மலைச்சாமியின் லாட்டைத் தொடாதே, உலர்த்தும்போது தீ கூடிப்போய்க் கருகல் வாடை வருகிறது. அடுத்து பொன்னுமணி லாட்டு வரும், நல்ல பச்சை, அதை விட்டுவிடாதே. அவன் தலையாட்டினான்.

"தலையாட்டாத. அங்கன போய் இப்படி ஆட்டினா அது கேள்வி. வெல ஏறிரும். வேணும்னா மட்டும் ஆட்டு. ஏதாச்சும் புரியுதா?"

புரிந்தது என்று அதற்கும் ஆட்டினான்.

போடி மண்டபத்தில் வாய்விட்டு விலை கேட்கிறவன் புது ஆள். பழகினவர்கள் தலையை லேசாக அசைப்பார்கள், ஏலம் விடும் திருப்பதியண்ணன் விலையை ஒரு படி ஏற்றுவார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு தலை அசைய முடியாது. அப்பா அந்த ஒரு அசைப்பிலேயே முப்பது வருஷம் வியாபாரம் பண்ணினவர். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தலையாட்டத்தான் தெரியும், ஆனால் எதற்கு என்று தெரியாது.

மனசு கேட்காமல் பதினோரு மணிக்கு அப்பாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே எழுதி வைத்திருக்கவில்லை, யாரும் போனதில்லை, அவ்வளவுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே மாதிரித் தட்டுகள் கை மாறிக்கொண்டிருந்தன. வியாபாரிகள் காயைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே எறிய, தரை முழுக்க ஏலக்காய் மிதிபட்டுக் கிடந்தது. அப்பாவின் நாற்காலியில் பெத்துராஜ் இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம் நின்ற எனக்கும் அவனுக்கும் இடையில் நாலைந்து நாற்காலிதான்.

அவனுக்குப் பக்கத்தில் மலைச்சாமி வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தேவாரம் ஊரில் தோப்பும் மேலே மலையில் ஏலத்தோட்டமும் வைத்திருக்கிற மனுஷன். என் தம்பியின் தலை எப்படிப்பட்ட தலை என்று அவருக்கும் தெரியும்போல. திருப்பதியண்ணன் மலைச்சாமி லாட்டு என்று கூவியதுமே இவர் பெத்துராஜ் பக்கம் சாய்ந்து குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்கு உடம்பு தேவலையா தம்பி என்று கேட்டிருக்க வேண்டும். இவன் ஆட்டினான். திருப்பதியண்ணன் ஒரு படி ஏற்றினார். எதிரே விருதுநகர் வியாபாரி ஒருவர் ஆட்டினார், இன்னொரு படி. சாப்பிட்டாச்சா என்று கேட்டார் மலைச்சாமி. ஆட்டினான். இன்னொரு படி. விருதுநகர்க்காரரும் விடாமல் ஆட்டினார். இனிமே கடை உன் பொறுப்புதானே என்றது எனக்கே கேட்டது. அதற்குக் கொஞ்சம் பலமாகவே ஆட்டினான். விருதுநகர்க்காரர் இன்னும் ஒரு தடவை ஆட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அப்பாடா என்று இருந்தது. விலை அவர்மேல் நின்றது, நாம் தப்பித்தோம். ஒரு தரம் என்றார் திருப்பதியண்ணன். இவன் வாயை மூடிக்கொண்டு, தலையையும் அசைக்காமல் இருந்தால் போதும். மலைச்சாமி மறுபடியும் அவன் காதுப் பக்கம் குனிவது தெரிந்தது. ரெண்டு தரம். எனக்குப் பொறுக்கவில்லை. கம்பிக்குள் முகத்தை வைத்து அடிக்குரலில் கூப்பிட்டேன்.

"பெத்து, வேண்டாம். ஆட்டாத."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்ட நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

திருப்பதியண்ணன் ஒரு படி ஏற்றினார். விருதுநகர்க்காரர் சிரித்துவிட்டுக் கையை விரித்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். லாட்டு ஞானதுரை கடைக்கு முடிந்தது. கருகல் ஏலக்காயை அன்றைய தேதிக்கு மண்டபத்திலேயே உச்ச விலைக்கு எடுத்திருந்தோம். மலைச்சாமி எழுந்து பெத்துராஜின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

அப்பா பெஞ்சில் இருந்து மாதிரித் தட்டைக் கேட்டார். ஒரு காயை நசுக்கி மூக்கருகில் கொண்டுபோனார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காயைத் தட்டிலேயே மெதுவாகப் போட்டுவிட்டு, பெத்துராஜ் இருக்கும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த நாற்காலி உனக்கு வேணுமாப்பா?"

பெத்துராஜின் கழுத்து வழக்கம்போல அசையப் போய் நின்றது. வேர்வை வழிந்தது. பிறகு அவன் தலை மெதுவாகக் குறுக்கே ஆடியது. பிறந்ததிலிருந்து அவனை வளர்த்தவள் நான், அப்படி ஆடி நான் பார்த்ததேயில்லை. அப்பாவுக்கு அது தெரியாது என்று ஞாபகம் வந்தவனாக வாயைத் திறந்தான்.

"வேண்டாம்ப்பா."

வேற என்னதான் வேணும் என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. நெசமாவே தெரியல. நீங்க எல்லாரும் கேக்குறீங்களேன்னுதான் ஆட்டிட்டு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. இத்தனை வருஷம் அவனைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. ஊரே பார்க்க ஒருத்தன் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் எழுந்தான். நாற்காலி காலியானது. அப்பா திருப்பதியண்ணன் பக்கம் கையை உயர்த்தினார். நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லப் போகிறார், கடை போனது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

திருப்பதியண்ணனுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் இருங்கண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கூவினார். பொன்னுமணி லாட்டு. விருதுநகர்க்காரர் ஆட்டினார். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, திருப்பதியண்ணன் கண்ணை நேராகப் பார்த்து, ஒரே ஒரு தடவை தலையை அசைத்தேன்.

அவர் அடுத்த படியைச் சொல்லப் போய் நிறுத்திவிட்டார். எல்லாரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் ஒன்றும் புரியாமல், ஏன் நிக்குது, யாரு கேட்டது என்றார்.

"உங்க மக அண்ணாச்சி. ஜன்னல்ல நிக்கிது. கணக்குல எடுத்துக்கிடவா?"

அப்பா பெஞ்சின் விளிம்பைக் கையால் தடவினார். விருதுநகர்க்காரர் வாட்ச்சைப் பார்த்தார். ஒரு தரம் என்றார் திருப்பதியண்ணன், விருதுநகர்க்காரரின் விலைக்கு. ரெண்டு தரம். அப்பா ஜன்னல் வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், இரண்டு வருஷமாக எங்களுக்குள் மட்டும் கேட்டுவந்த கேள்வியைக் கேட்டார்.

"நெறம் எப்படி ஆத்தா?"

"பச்சைப்பா. நல்ல பச்சை."

"எடுத்துக்க திருப்பதி," என்றார் அப்பா. "கேள்வி எங்க கடையோடதுதான்."

திருப்பதியண்ணன் ஒரு படி ஏற்றினார். அதற்குப் பிறகு மூன்று தரமும் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் தலையை அசைக்கவில்லை.

பெத்துராஜ் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். முகம் தெளிந்திருந்தது, ஆனால் முழி அதே முழி. அக்கா, இனிமே நான் என்ன செய்ய என்று கேட்டான். எனக்கும் தெரியாது, மெதுவா யோசி, முதல்ல உள்ள போய் அந்தக் கருகல் மூட்டையைத் தூக்கு, பிரிச்சுப் பொறுக்கி வித்துத் தொலைப்போம் என்றேன்.

தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டு, "சரிக்கா, தூக்குறேன்" என்றான்.