ஒன்றும் கேட்காத பெட்டி

சுடலைமணி அண்ணாச்சி கடையில் எந்தச் சாமானையும் சத்தத்தை வைத்துத்தான் விற்பார்கள். கோயில் கொடை விழாக்களுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர் அவர். ஒலிபெருக்கியைப் போட்டுக் காட்டினால் எதிர்க்கடைக் கண்ணாடி அதிர வேண்டும். அதிர்ந்தால் வியாபாரம் முடிந்தது. அந்தக் கடையில்தான் ஷஃபீகா, தானாகச் சத்தம் போடாத ஒரு பெட்டி வேண்டும் என்று வந்து நின்றாள்.

கூட அவள் அண்ணன் சல்மான் ஃபாரிஸ். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், தங்கைக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். மைக்கில் பேசுவதைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெட்டி அது.

சென்னையில் ஒலிப்புத்தகம் போடுகிற நிறுவனம் ஒன்று கதை வாசிக்க ஆள் தேடியது. ஷஃபீகா வாசித்து அனுப்பிய மாதிரி, ‘இரைச்சல் இருக்கிறது’ என்று திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் இன்னொரு முறை அனுப்பலாம், அதோடு சரி. இரைச்சல் என்று பெட்டியைத்தான் சொல்கிறார்களா, இல்லை, தன் குரலைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்களா என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேலப்பாளையத்தில் பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, வாயருகே பேசினால் மட்டும் எடுக்கிற மைக்கைத்தான் வைத்திருந்தாள். அந்த மைக்குக்குப் பெட்டியில் ஒலியைக் கூட்டுகிற திருகை முழுக்கத் திருப்ப வேண்டும். அவள் இரவல் வாங்கியிருந்த பழைய பெட்டி, திருப்பினதுமே இரைந்தது.

அண்ணாச்சி இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் துடைத்து முன்னால் வைத்தார். “இத எடுத்துக்கோங்க தம்பி. நாலு மைக் சொருவலாம். சுத்தி லைட்டு எரியும்.”

“இதயே எடுத்துருவோம்ளா,” என்றான் சல்மான்.

“எனக்கு ஒரு வாய்தான் இருக்கு காக்கா,” என்றாள் ஷஃபீகா அண்ணனிடம்.

“ஒரு வாயா? எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாருங்க அண்ணாச்சி.”

ஷஃபீகா பையிலிருந்து மடிக்கணினியையும் தன் மைக்கையும் எடுத்தாள். “போட்டுப் பாத்து எடுக்கட்டுமா அண்ணாச்சி?”

“தாராளமா. பாடப் போறியா, பேசப் போறியா?”

“ஒண்ணுமே பேசப் போறதில்ல.”

வெளிச்சத்தம் உள்ளே போகாதபடி மைக்கை ஒரு சமுக்காளத்தில் சுற்றி, காலியான ஸ்பீக்கர் கூட்டுக்குள் வைத்தாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பெரிய பெட்டியின் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இரைந்தது. கழற்றி அண்ணாச்சியிடம் நீட்டினாள்.

“யாத்தே, குத்தாலம் மாதிரில்லா கொட்டுது!” என்றார் அவர். “இத்தன வருசமா இதத்தான் வித்துக்கிட்டு இருக்கேன்.”

அடுத்த பெட்டி இரைந்ததோடு நில்லாமல் விசிலும் அடித்தது. மூன்றாவது, ஒரே ஒரு மைக் மாட்டுகிற சின்னப் பெட்டி; அலமாரி மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதை மாட்டியதும் காதில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு மறு நொடி சந்தேகம் வந்துவிட்டது. வயர் சரியாகச் செருகவில்லையோ? வயரை அழுத்திப் பார்த்தாள். திருகைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

“காக்கா, அந்தக் கூட்டுக்குள்ள தலைய விட்டு எதையாவது பைய சொல்லு.”

சல்மான் குனிந்தான். உதடு அசைந்தது மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஷஃபீகாவின் காதுக்குள்ளோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது: “இவளுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு. எவன் தலையில கட்டப்போறோமோ.”

அவள் துள்ளி எழுந்தாள். “கேட்டுச்சு காக்கா! கிறுக்கு முத்தினது, தலையில கட்டுறது, எல்லாம் கேட்டுச்சு!”

சல்மான் அசடு வழிந்தான். அண்ணாச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதான் வேணும்,” என்றாள் ஷஃபீகா. சொன்ன பிறகுதான், யோசிக்காமல் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே கதையின் அதே பக்கத்தை, அதே அறையில் உட்கார்ந்து வாசித்தாள். பெட்டியைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. அப்போதுதான் குற்றம் யாருடையது என்று தெரியும். மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை பதில் வந்தது. ‘ஒலி சுத்தமாக இருக்கிறது. உங்கள் குரல் எங்களுக்கு முதலிலேயே பிடித்திருந்தது.’ கூடவே வாசிக்க வேண்டிய தடித்த நாவல் ஒன்று. சல்மான் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னான்.

நாவலின் பெயரைச் சொன்னதும் வாசிப்பவரின் பெயரையும் சொல்ல வேண்டுமாம். ஷஃபீகா கதவைச் சாத்திக்கொண்டு மைக்கருகே போனாள்.

“வாசிப்பது, ஷஃபீகா.”

வழக்கமாக இன்னும் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பாள். இப்போது ஒரு முறை போட்டுக் கேட்டாள். அதையே வைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்தைத் திறந்தாள்.