ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

மருதமுத்து கொண்டுபோன கடிதத்தைக் கம்பெனி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டபோதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு ஒரு மூடி கேட்டு நாலு மாதம் நடந்த இடம் அது. அங்கே, கணக்கெழுதும் கிராணி தம்பிராஜா கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், மேசைமேல் வைத்த கோப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்தார், ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லை என்றார். மருதமுத்து கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டுக்கு நடந்தான்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் முழுக்க வீடு கட்டினார்கள், ரோடு போட்டார்கள். புக்கிட் காதிலுக்கு அப்பால் கல் உடைக்கும் குழியிலிருந்து மாட்டு வண்டியில் கல் ஏற்றி, புக்கிட் பாருவுக்கும் செமாபோக்குக்கும் கொண்டுபோய் இறக்குவது அந்தக் கம்பெனியின் கான்ட்ராக்ட். ஏற்ற, இறக்க இருபத்திரண்டு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள். வாரத்துக்கு ஏழு நாளும் வேலை. வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் வராதவன் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அவன் வண்டிப் பக்கத்தில் வேறு ஆள் நிற்பான்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஆனால் கம்பெனி கையை விரித்தது. இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கங்காணி அப்பாசாமியின் ஆட்கள், அவரைக் கேளுங்கள் என்றது. அப்பாசாமியைக் கேட்டால், நான் என்ன கம்பெனியா என்றார். சங்கத்துச் செயலாளர் பொன்னுதுரை தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதிப் போட்டு, விசாரணைக்கு நாள் வாங்கியிருந்தான்.

இதற்கு நடுவில்தான் மருதமுத்து தன் போதகரிடம் போய்க் கடிதம் வாங்கினான். அவன் வேதத்துக்கு வந்தது முப்பத்தாறாம் வயதில். எழுத்தும் அப்போதுதான் வந்தது; போதகர் நல்லையா வேதக்கோயில் பின்கட்டில் கூலிக்காரர்களுக்கு நடத்திய சனிக்கிழமை வகுப்பில் படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு தடவைகூட முழுசாக உட்கார்ந்ததில்லை என்பது அவன் மனசில் முள்ளாக இருந்தது. இவர் எங்கள் சபை அங்கத்தினர், ஆராதனைக்கு விட்டுக்கொடுக்க வேண்டுகிறோம் என்று போதகர் நாலு வரி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்து வாய் நிறையப் பாடினான். திங்கட்கிழமை காலையில் குழிக்குப் போனபோது கமலவேணி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்க, இரண்டு பிள்ளைகளை வைத்துக் கல் சுமக்கிறவள் அவள். நெற்றியில் குங்குமமும், தோளில் கல் கிழித்த புதுக் காயமுமாக அவனைப் பார்த்தாள்.

"நேத்து உங்க சாமிக்கு நானும் கல்லு தூக்கினேண்ணே. ஏழு நடை கூட. மறக்காம அவருகிட்டச் சொல்லிடுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மருதமுத்துவும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் வராத நாளில் அவன் வண்டிக் கல் குறையவில்லை. அது மற்றவர்கள் தலைக்குப் போயிருந்தது.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. மருதமுத்துவுக்கு ஒரு நாள் என்றால் எங்களுக்கு இல்லையா என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய் வெள்ளிக்கிழமைக்குச் சீட்டு வாங்கினார்கள் ஏழு பேர். முருகனுக்குச் செவ்வாய் என்றார்கள் மூன்று பேர். கருணாகரன் என்று ஒருவன், விரதமே இருந்து அறியாதவன், தனக்குச் சனிக்கிழமை பெருமாள் விரதம் என்று வந்து நின்றான். கம்பெனி எல்லாச் சீட்டையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டது. கல்லின் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு பேர் சுமையைப் பதினைந்து பேர் சுமந்தார்கள், வயிறெரிந்தார்கள். சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் ஏழு நாளும் சுமந்தார்கள். மூன்றாவது வாரம் குழியிலேயே கைகலப்பு வந்து ஒருவனுக்கு உதடு கிழிந்தது.

பொன்னுதுரை, சாமியே இல்லை என்கிற கட்சி. அன்று மாலை மருதமுத்துவைத் தேடி வந்தவன், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

"விசாரணையில கம்பெனி வக்கீல் எதைக் காட்டப் போறான் தெரியுமா? உன் லெட்டரை. எல்லா மதத்துக்கும் நாங்களே லீவு குடுக்கிறோம், சட்டம் எதுக்குன்னு கேக்கப் போறான். நான் ஒரு வருஷமா முட்டி மோதி வாங்கின நாளு இது. உன் சாமியை வீட்டோட வச்சிக்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

பொன்னுதுரை போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே மருதமுத்து வேதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையைத் தேடி எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். சின்ன வயதில் படித்தவன் கண்ணால் வாரிக்கொண்டு போய்விடுவான். மருதமுத்துவுக்கு அது வராது. ஒரு சொல்லைத் தாண்டினால்தான் அடுத்த சொல்.

அதனால்தான் அவன் கண்ணில் பட்டது. ஓய்வுநாளை ஆசரி என்பதோடு கட்டளை நிற்கவில்லை. நீ வேலை செய்யாதே என்று சொல்லிவிட்டு ஒரு பட்டியலே போடுகிறது. உன் மகன், மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி. அப்புறம் உன் எருது. அப்புறம் உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன். உன்னைப்போல அவர்களும் இளைப்பாற வேண்டும் என்கிறது. அந்த அந்நியன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எருதுக்கு ஏது சாமி?

அவன் மூன்று தடவை படித்தான். பாட்டுப் பாடுவதற்காக வாங்கிய நாளை, கமலவேணி தலையில் கல்லாக ஏற்றியவன் தானே என்று புரிந்தது. எருது என்ற சொல்லில் விரல் நின்றபோது இன்னொன்றும் புரிந்தது. கம்பெனி மாட்டுக்கு ஓய்வு உண்டு. கால்நடை இன்ஸ்பெக்டர் ஒரு முறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதிலிருந்து, ஒவ்வொரு மாடும் வாரத்தில் ஒரு நாள் நுகத்தடியில் பூட்டப்படுவதில்லை. எந்த மாடு எந்த நாள் என்று தொழுவத்துப் பலகையில் சாக்குக்கட்டியால் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்த வண்டி ஆள் அன்றைக்கு எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்பதும் அதே பலகையில், அதே கையால்.

மறுநாள் வேலை முடிந்ததும் போதகர் நல்லையாவிடம் போனான். கடிதத்தைத் திரும்ப வாங்கப் போகிறேன் ஐயா என்றான். போதகர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். ஆராதனையை விட்டுவிடப் போகிறாயா என்று வருத்தத்தோடு கேட்டார். கர்த்தருடைய நாள் அல்லவா என்றார். மருதமுத்து அந்த இடத்தை எடுத்து அவர் முன் வைத்தான்.

"நான் பாடுறதுக்கு இன்னொருத்தி என் கல்லச் சுமக்கிறா ஐயா. இதுல அது சரின்னு இருக்கா?"

போதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவருக்கு மனப்பாடமான இடம்தான். ஆனாலும் விரலை வைத்து மறுபடியும் வாசித்தார்.

"முப்பது வருஷமா இதைப் பிரசங்கிக்கிறன், தம்பி. எருது வரைக்கும் நான் ஒரு நாளும் வந்து சேரேல்லை," என்றார். பிறகு, போய் வாங்கு என்றார்.

விசாரணை டவுனில், இலாகா அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. வெள்ளைக்கார அதிகாரி போய், அந்த நாற்காலிக்கு ஒரு மலாய் இளைஞர் வந்திருந்தார். பேச்செல்லாம் மலாயில்; அதிகாரியை ஐயா என்பதற்குத் துவான் என்றுதான் அழைக்க வேண்டும். வக்கீல் எழுந்து, பொன்னுதுரை சொன்னபடியே எல்லாச் சீட்டுகளையும் விசிறிபோல் பரப்பிக் காட்டினார். இவர்கள் கங்காணியின் ஆட்கள், ஆனாலும் எங்கள் முதலாளி நல்ல மனசோடு ஒவ்வொரு மதத்துக்கும் மரியாதை கொடுக்கிறார் என்றார். மேலே இருந்தது மருதமுத்துவின் கடிதம்.

சங்கத்தின் பக்கம் பேச மருதமுத்து எழுந்தான்; பலகை விஷயத்தைக் கேட்டதும், நீயே பேசு என்று பொன்னுதுரை சொல்லியிருந்தான். வேதத்தைப் பற்றி வாயைத் திறக்காதே என்று பொன்னுதுரை படியேறும்போதே இரண்டு தரம் சொல்லியிருந்தான். மருதமுத்து அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவன் மாட்டைப் பற்றிப் பேசினான். என் வண்டி மாடு வியாழக்கிழமை படுத்து அசைபோடும் துவான், அது நியாயம், பாவம் வாயில்லாத ஜீவன் என்றான். அன்றைக்கு நான் வேறு வண்டிக்குப் போகிறேன். எந்த வண்டி என்று தொழுவத்துப் பலகை சொல்லும். கங்காணி அதைப் பார்த்துக் கூப்பிடுவார், அவ்வளவுதான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. எழுதுகிறவர் இதோ இருக்கிறார், கேளுங்கள் என்று தம்பிராஜாவைக் காட்டினான்.

தம்பிராஜா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊன்றிவிட்ட காஜா பெராங் செட்டிக் குடும்பத்தவர். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். தமிழில் சாமி பேர்களுக்கு மேல் அதிகம் வராது. அதிகாரி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பலகையில் ஆட்களின் பெயரை எழுதுவது யார்? தம்பிராஜா முதலாளியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"நான்தான், துவான்," என்றார். "தினமும் காலையில். முதலாளி சொல்வார், எழுதுவேன்."

கங்காணியின் ஆட்கள் என்று கம்பெனி கட்டியிருந்த சுவர், ஆட்களை ஏவுவது முதலாளிதான் என்றாகிப்போன அந்த இடத்தில்தான் சரிந்தது. வக்கீலுக்கு அது தெரிந்தது. அவர் வேறு வழியாக வந்தார். இந்த ஆள் கிறிஸ்தவர், இவரை மதம் தூண்டிவிட்டிருக்கிறது, பல சமயத்தார் வாழும் நாட்டில் அரசாங்க அலுவலகம் ஒருவருடைய வேதத்தைக் கேட்டு நடக்கலாமா என்றார். அதிகாரி மருதமுத்துவைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். பொன்னுதுரை கண்ணை மூடிக்கொண்டான்.

"உண்மைதான் துவான்," என்றான் மருதமுத்து. "தொழுவத்தைப் பாருன்னு என் வேதம்தான் சொன்னது. போய்ப் பார்த்தேன், பார்த்ததைச் சொல்றேன். துவான் என் வேதத்தை நம்ப வேண்டாம். தொழுவத்தைப் போய்ப் பாருங்க, போதும்."

பிறகு மேசையைக் காட்டினான். "மேல இருக்கிறது என் கடிதம். எனக்கு மட்டும்னு கேட்டு வாங்கினது. அது என் தப்பு. அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

அப்படியானால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்றார் அதிகாரி. கிழமை எதுவானாலும் சரி, இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நாள், அன்றைக்குக் கல்லும் நிற்க வேண்டும் என்றான் அவன். அதிகாரி கடிதத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார்.

படியிறங்கும்போது பொன்னுதுரை அவன் தோளில் கைபோட்டான். "கெட்டது குடின்னு நினைச்சேன்யா. நல்லவேளை, வேதத்தைப் பத்தி ரெண்டு வார்த்தையோட விட்ட."

"எங்க விட்டேன்? அதுல இருந்தது பூராத்தையும் சொல்லிட்டேன்ல," என்றான் மருதமுத்து.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. இருபத்திரண்டு பேரும் கம்பெனி ஆட்கள்தான்; வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு; எந்த நாள் என்பதைச் சட்டப்படி முதலாளி வைத்துக்கொள்ளலாம். முதலாளி யோசித்து, எந்தச் சாமிக்கும் சேராத நாளாகப் புதன்கிழமையைப் பொறுக்கினார். மருதமுத்துவைக் குத்துவதற்கென்றே செய்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். குத்தியதும் உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல் வண்டி கோயில் வாசலைத் தாண்டிப் போகையில் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. வண்டி திரும்பும் வரைக்கும் அவன் கூடவே பாடிக்கொண்டு போனான். அதற்காகத் தான் கேட்டதை மாற்றிக் கேட்டிருக்கலாமோ என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

முதல் புதன்கிழமை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். பத்து மணியாகியும் கமலவேணி வீட்டுக் கதவு மூடியே இருந்தது. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. காலையில் எங்களை வெளியே விட்டு அம்மா தாழ் போட்டுக்கொண்டாள், அப்புறம் திறக்கவே இல்லை என்றன. அக்கம்பக்கத்தார் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே சத்தமில்லை. பயந்துபோய் மருதமுத்துவைக் கூட்டிவந்தார்கள். அவன் கதவை உடைக்கத் தோளைக் கொடுக்கும்போது தாழ்ப்பாள் விலகியது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாய்க்கோரை பதிந்து, கமலவேணி நின்றாள். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏன், யாராச்சும் செத்துட்டாங்களா? தூங்குறேண்ணே. விடுங்க."

கதவை மூடிக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒருத்தி கொக்கரித்த கோழியை விரட்டினாள். மருதமுத்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல்லில் சத்தம் வராமல் நடந்து போனான்.