ஹெர்மெலிந்தாவுக்கு வந்த சொரோச்சே

குடிப்பதற்காக எவாரிஸ்தோ முகமூடியைத் தூக்கியபோதுதான் ஹெர்மெலிந்தா தன் கணவனின் உதடுகளைப் பார்த்தாள். கம்பிவலை முகமூடிக்கு ரோஜா நிறக் கன்னங்களும் நிரந்தரச் சிரிப்பும் இருந்தன. உள்ளே இருந்த உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

சிலுவைத் திருவிழாவின் இரண்டாம் நாள். சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மாதம் கடற்கரையில் மீன்மாவு ஆலையில் வேலை பார்த்துவிட்டு முந்தாநாள்தான் எவாரிஸ்தோ மலைக்குத் திரும்பியிருந்தான். வந்த அன்றே கூரைத் தகரத்தை மாற்றினான். மறுநாளிலிருந்து திருவிழா முகமூடி ஆட்டம்.

நேற்று அது வறட்டு இருமல். இன்று அவன் முதுகில் கை வைத்தவளுக்கு, உள்ளே கொதிக்கத் தொடங்கும் பானையின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் அண்ணன் துறைமுகத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து, மூன்றாம் நாள் அதே சத்தத்தோடு செத்துப்போனான். சாராயம் என்றது ஊர். நர்ஸ் மட்டும் சொன்னாள்: "கீழ ரொம்ப நாள் இருந்துட்டா, இங்க பொறந்த நெஞ்சும் இந்தக் காத்தை மறந்துடும்மா. மெதுவாத்தான் பழக்கணும். இல்லேன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்போ கீழ எறக்கினாத்தான் பொழைக்கும்."

"வா, கீழ வானுகோ ஆஸ்பத்திரிக்கு எறங்கிடலாம். உனக்கு மூச்சு சரியில்ல."

"எனக்கா? சொரோச்சே மலையேறுற கடற்கரைக்காரனுக்கு வர்ற மூச்சு வியாதி. நான் இங்க பொறந்தவன்டி."

அவன் மாமன் மகன் தியோஃபிலோ கோக்கா இலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரித்தான். "என்ன மச்சான், கடலையே குடிச்சுட்டு வந்துட்டியா? நெஞ்சுக்குள்ள அலையடிக்குது!"

"போடா. சாயங்காலம் யாரு நிக்கிறான்னு பாப்போம்." முகமூடி இறங்கியது.

ஹெர்மெலிந்தாவுக்கு அவனைத் தெரியும். இத்தனை பேர் முன்னால் இன்னொரு தடவை சொன்னால் இன்னும் வேகமாக ஆடுவான். அண்ணனும் அப்படித்தான் சிரித்தான். ஏழு மாத வயிற்றோடு கிழங்கு மூட்டை சுமந்து மேடேறியவள் அவள். அதை ஊர் இன்றும் சொல்லும். இனிமேல் சொல்லாது.

அவள் சதுக்கத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

"எவாரிஸ்தோ... தலை சுத்துது. மூச்சு முட்டுது."

பெண்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒருத்தி கத்தினாள்: "ஹெர்மெலிந்தாவுக்கு சொரோச்சேவாம்! மலையில மேயுற லாமாவுக்குக் குளிர் எடுக்குதாம்!"

சிரிப்பு சதுக்கத்தைச் சுற்றி வந்தது. அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். எவாரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை. "டேய் தியோஃபிலோ, வண்டியை எடு."

வழியெல்லாம் தியோஃபிலோ விடவில்லை. "அடுத்த வருஷம் ஆட்டத்துல உனக்கு லிமா பட்டணத்துச் சீமாட்டி வேஷம்தான் தங்கச்சி."

அவள் ஒவ்வொரு வளைவிலும் முனகினாள். அவள் தோளில் சாய்ந்திருந்ததோ எவாரிஸ்தோவின் தலை. முனகலுக்கு நடுவே அவன் மூச்சுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். யூகலிப்டஸ் மரங்கள் தென்பட்டன. பிறகு சோளக்கொல்லைகள். காற்றுக்குக் கனம் வந்தது. அவன் நெஞ்சில் பானையின் சத்தம் நிற்கவில்லை, ஆனால் அடங்கியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வானுகோ ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு ஒருவர் வந்தார்.

"யாருக்கு?"

தியோஃபிலோ அவளைக் காட்டினான். அவள் வாயைத் திறப்பதற்குள் எவாரிஸ்தோ முகமூடியை அவன் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்குத்தான்," என்றான். மூச்சு வாங்கிவிட்டு, "அவளுக்கு ஒண்ணுமில்ல."

தியோஃபிலோ முகமூடியை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஹெர்மெலிந்தா நாற்காலியைத் தள்ளினாள். எந்த வளைவில் எவாரிஸ்தோவுக்கு அவள் நடிப்பு தெரிந்தது என்று கேட்கவில்லை.