அனுஷ நட்சத்திரத்துப் பாடகர்

என் நட்சத்திரம் என்னவென்று கேட்டால் என் கணவர் கொஞ்சம் யோசிப்பார். டென்னிஸ் கார்வேயின் நட்சத்திரம் என்றால் தூக்கத்தில் கேட்டாலும் அனுஷம் என்பார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

டென்னிஸ் கார்வே எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. சில்வர் ஃபெர்ரி என்ற இங்கிலீஷ் ராக் பேண்டின் பாடகர். என் கணவர் சிவகணேஷ் அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். 1989இல், நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது தட்சிணைக்குப் பதிலாக ஒரு கேசட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாராம். வேறு யாராவது என்றால் அதன் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிவு செய்திருப்பார்கள். இவர் போட்டுக் கேட்டார். அதோடு சரி, ஆள் அதிலிருந்து மீளவே இல்லை.

ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அந்தக் குரல்ல என்னமோ இருக்குடி தாட்சாயிணி. நமக்காகவே அழறாப்ல இருக்கு" என்பார். என் மாமனார் கைலாசம் குருக்களுக்கு அது ஆகவே ஆகாது. "இரும்புக் கடையில சண்டையாடா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பேண்டு பழசுதான். ஆனால் ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் அது பழசானதாகவே தெரியவில்லை. தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் வருஷா வருஷம் புதுப் புது வெள்ளைக்காரர்கள் கேசட் அட்டையில் இருந்த அதே படகுப் படம் போட்ட பனியனோடு இறங்குவார்கள். அந்தப் பாட்டு வந்தபோது அதில் பாதிப்பேர் பிறந்தே இருக்க மாட்டார்கள். பிறகு நம் ஊர்க் காலேஜ் பிள்ளைகளும் அதே பனியனைப் போட்டுக்கொண்டு கிரிவலம் வந்தார்கள். ஆசிரமத்து எதிரே ஜூஸ் கடையில் காலையில் சுப்ரபாதம், பத்து மணிக்கு மேல் சில்வர் ஃபெர்ரி. இவருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பனியனோடு யார் சன்னதிக்கு வந்தாலும், "டென்னிஸ் எப்படி இருக்கார்?" என்று தெரிந்த இங்கிலீஷில் விசாரிப்பார். அவர்களும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, அவரைப்போல உண்டா என்று சிரிப்பார்கள். சௌக்கியமாக இருக்கிறார் என்று இவர் எடுத்துக்கொள்வார்.

கேசட் அட்டையில் டென்னிஸ் பிறந்த தேதி இருந்தது. பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, லண்டன் நேரத்துக்குக் கூட்டிக் கழித்து, அனுஷம் என்று முடிவு கட்டினார். அன்று தொடங்கி மாசாமாசம் அனுஷத்தன்று, "விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம், டென்னிஸ் நாமதேயஸ்ய" என்று தீர்க்காயுள் வேண்டி அர்ச்சனை நடக்கும். விபூதியைக் கொண்டுவந்து டேப்ரெக்கார்டருக்கும் கொஞ்சம் பூசுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

2001இல் வளவன் என்ற வேங்கிக்கால் பையன், படித்து முடித்த கையோடு, பெரிய தெருவில் பிரவுசிங் சென்டர் திறந்தான். அவனும் படகுப் பனியன் கட்சி. டென்னிஸ் இப்போது எப்படி இருக்கிறார், தலை நரைத்துவிட்டதா என்று பார்த்துவிட ஆசைப்பட்டு இவர் போனார். துணைக்கு நானும் போனேன். கம்ப்யூட்டரில் போட்டோ மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. நரையே இல்லை.

"சின்ன வயசுப் போட்டோவால்ல இருக்கு. இப்ப எடுத்தது இல்லையா?" என்றார்.

வளவன் திரும்பிப் பார்த்தான். "இப்ப ஏது சாமி? எம்பதுலயே ஆக்சிடென்ட்ல போய்ட்டாரே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே."

ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால்தான் இத்தனை வருஷமும் ஒருவரும் அதை இவரிடம் சொல்லவில்லை. இவர் கேசட்டைக் கையில் வாங்கும் முன்பே அந்த மனிதர் போய்ச் சேர்ந்திருக்கிறார். சிரிக்க வேண்டிய கதைதான். வேறு வீட்டில் நடந்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். டேப்ரெக்கார்டர் பரண்மேல் ஏறியது. "செத்தவருக்குப் போய் ஆயுசு கேட்டிருக்கேனே, அவர் ஆத்மா என்ன பாடுபட்டுதோ" என்று புலம்புவார். ஒருநாள் கிணற்றடியில் என்னிடம், "அவருக்கு ஒரு பிடி எள்ளும் ஜலமும் விட்டா மனசு ஆறும். ஆனா நான்தான்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா இருக்கிற பிள்ளை தர்ப்பணம் பண்ணக் கூடாது. அப்படி ஆசைப்படுவதே அப்பாவுக்கு ஆகாத நினைப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார்.

"அவனுக்கு என்ன வந்துது? சோறு கம்மியாயிண்டே போறது" என்று மாமனார் என்னிடம் கேட்டார். நான் முழுக்கதையையும் போட்டு உடைத்தேன், கிணற்றடிப் பேச்சையும் சேர்த்து. சொன்னபிறகுதான் பகீரென்றது. அவர் எழுந்து பஞ்சாங்கத்தைப் புரட்டப் போய்விட்டார். இந்த மனுஷருக்கு நெஞ்சு என்ன கருங்கல்லா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மகாளய அமாவாசை வந்தது. மாமனார் கூடத்தில் தெற்குப் பார்த்து உட்கார்ந்து, தன் அப்பா, தாத்தா, அம்மா வழியார் எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார். முடிந்தது என்று நான் தாம்பாளத்தை எடுக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிவா, இங்க வா. அந்தப் பாட்டுக்காரன் பேரை நிதானமாச் சொல்லு."

என் கணவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "அப்பா..."

"உறவில்லாதவாளுக்கும் மனசு இரங்கி விடலாம்னு சாஸ்திரத்துலயே எடம் இருக்கு. ஒனக்குத்தான் அதிகாரம் இல்ல. எனக்கு இருக்கோல்லியோ? பேரைச் சொல்லு."

"டென்னிஸ்."

"கோத்திரம் தெரியாதவாளுக்குக் காசியபம்." மந்திரத்தின் நடுவில் அந்தப் பேரைத் தட்டுத் தடுமாறிச் சேர்த்தார். கட்டை விரல் வழியாக எள்ளும் தண்ணீரும் தாம்பாளத்தில் இறங்கின. ஒரு தடவை, இரண்டாம் தடவை. மூன்றாவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

"ஊர் உலகம் பூரா அவனைப் பாடச் சொல்லிக் கேட்டுண்டே இருந்துருக்கு" என்றார், எங்களைப் பார்க்காமல். "ஒருத்தரும் அவனைப் போனவனா நினைக்கல. பாவம், தொண்டை காஞ்சிருக்கும்டா."