ஹார்டு டிஸ்க்குக்கு அடித்த காற்று

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. ஆயுத பூஜைக்காக இளம்பிள்ளையில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டிருந்தன.

பொரிப் பையும் திருஷ்டிப் பூசணிக்காயுமாகக் கடைவீதியிலிருந்து திரும்பிய மோகனப்பிரியாவுக்குத் தறிக்கூடத்து வாசலில் கால் வைக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக். சற்று நின்று மறுபடியும் டக், டக். தறிகள் ஓடுகிற நாளாக இருந்தால் அது காதில் விழுந்தே இருக்காது. இன்றைக்குக் கூடம் கழுவிவிட்டாற்போல் அமைதியாக இருந்தது. எது அப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பூசணிக்காயை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

பூஜைக்குப் பலகை போட்டிருந்தார்கள். ஸ்பேனர்கள், கத்தரிகள், எண்ணெய்க் குப்பி, தராசு எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் அவளுடைய லேப்டாப். மூடியைத் திறந்து, திரையைச் சுற்றிச் செவ்வந்திச் சரம் போட்டு, திரை நிறையச் சரஸ்வதி படம் வைத்திருந்தார்கள். டக், டக் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

மோகனப்பிரியா குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாயிற்று. கரண்டில் மட்டுமே ஓடும். சரஸ்வதி பொசுக்கென்று மறைந்து திரை கறுத்தது.

"அட சாமி, என்ன காரியம் பண்ற!" என்று மாமியார் ராமாத்தாள் கையிலிருந்த கற்பூரத் தட்டோடு பதறினாள். "பூஜையில வெச்சத அணைக்கறதா?"

"யாருங்க இத அலமாரியிலிருந்து எடுத்தது?"

"நாந்தான் எடுத்தேன்." கணவனின் அண்ணன் வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறிகளுக்கு நடுவிலிருந்து வந்தார். தறிக்கூடம் அவர் பொறுப்பு. பாவு நூல் ஓட்டுவதிலிருந்து சேலையை மடித்துக் கட்டுவது வரை அவர் சொல்படிதான் நடக்கும். முகத்தில் வேலையை முடித்தவரின் திருப்தி இருந்தது. "சரஸ்வதிய அலமாரிக்குள்ள பூட்டி வெச்சா வெளங்குமா அம்மிணி? பாரு, எப்படிச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கறேன். புதுசாட்டம் இருக்குது."

"நேத்தே நான் சுத்தம் பண்ணி வெச்சுட்டனுங்களே. தொட வேண்டாம்னு உங்க தம்பிகிட்டச் சொல்லியும் இருந்தேன்."

"பிரஷ்ல தடவறது சுத்தமா? கம்ப்ரஸர்ல ஒரு அடி அடிச்சம் பாரு, பஞ்சு பஞ்சாப் பறக்குது."

தறிக்கூடத்தில் அதுதான் வழக்கம். வாரக் கடைசியில் தறியை நிறுத்தி, கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து, பஞ்சும் ஜரிகைத் தூளும் பறக்கப் பறக்கக் காற்றடிப்பார்கள். அதே குழாய்தான் வீரபாகுவின் பைக்குக்கும், ஆபீஸ் மின்விசிறிக்கும், ஒருமுறை ராமாத்தாளின் மிக்ஸிக்கும். டேங்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து வரும். முதல் அடியைத் தரையில் அடித்துக் காட்டினால் சிமெண்டில் துரு நிறத்தில் துளித்துளியாகத் தெறிக்கும். இரும்புத் தறிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

மோகனப்பிரியா லேப்டாப்பைத் திருப்பினாள். பக்கவாட்டில் டிவிடி போடுகிற இடத்தில், டிவிடியைக் கழற்றிவிட்டு, ஒரு தட்டில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தியிருந்தாள். அடிக்கடி வெளியே எடுப்பதால் அதற்குத் திருகாணி போடுவதில்லை. இழுத்ததும் கையோடு வந்தது. தகடு சுட்டது. அதன் மேல், ஒரு மூலையில், கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு.

"இதுக்கும் அடிச்சீங்களா?"

"அதுக்குத்தான் முக்கியமா அடிச்சது! பின்ன? கடுகாட்டம் ஒரு ஓட்டை இருக்குது பாரு, அந்தப் பொட்டுக்குக் கீழ. ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா உள்ள தூசி போயிருக்கும். குழாய் மூக்க அதுல வெச்சு நல்லா ரண்டு அடி. அப்பறம் தூசி போகாம இருக்கட்டும்னு பொட்டையும் அங்கயே வெச்சுட்டேன்."

அவள் டிஸ்க்கை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சேலத்தில் இந்த டிஸ்க்கை மாற்றிப் போட்டுக் கொடுத்தவர் அந்த ஓட்டையைத்தான் முதலில் காட்டினார். டிஸ்க் மூச்சு விடுகிற துவாரம் அது. உள்ளே தகடு சுழலும்; அதன்மேல் ஒரு ஊசி, முடியின் கனத்துக்கும் குறைவான இடைவெளியில், தொடாமல் ஓடும். ஒரு சொட்டு எண்ணெய் ஈரம் போதும், ஊசி தகட்டில் உரசிவிடும். ஓட்டையை மூடாதே என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதன் பாதி எழுத்துகள் சந்தனத்துக்கு அடியில் இருந்தன.

"காத்தடிச்சுட்டு உடனே ஆன் பண்ணீங்களா?"

"ஓடுதான்னு பாக்க வேண்டாமா? நீ கடைக்குப் போனதுல இருந்தே ஓடுது. லேசா டக்கு டக்குன்னுது. பழசு, தறிச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு அதுக்கும் பழகிப்போச்சாட்ட இருக்குதுன்னு சிரிச்சோம்."

"சிரிச்சீங்களா."

"ஏன் அம்மிணி இப்படி மூஞ்சியத் தூக்கற? ரிப்பேரானா ஆகட்டும். புதுசு வாங்கித் தாரேன். பன்னண்டாவது படிக்கறப்ப கவர்மெண்டுல சும்மா குடுத்த டப்பா. இதுக்கா இத்தன?"

சும்மா குடுத்த டப்பா. அந்த வார்த்தை அவள் உச்சந்தலையில் ஏறியது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப்தான் அது. இந்த வீட்டுக்கு வரும்போது அவள் பெயரில் இருந்த பொருள் அது ஒன்றுதான். இரண்டு முறை கீபோர்டு மாற்றினாள். ராம் கூட்டினாள். ஓட்டம் குறைந்தபோது சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி போட்டு, பழைய இடத்திலிருந்த ஹார்டு டிஸ்க்கை டிசைன்களுக்கென்று பக்கத் தட்டுக்கு மாற்றினாள். மாதம் ஒருமுறை பின்மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் பல்குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பஞ்சை இடுக்கியால் எடுப்பாள். சேலையில் பூவும் பார்டரும் நெய்கிற ஜக்கார்டுக்கு டிசைன் போடும் பழைய சாப்ட்வேர் புதிய லேப்டாப்புகளில் ஏறாது. நெட்டில் இணைத்தால் அது மக்கர் செய்யும் என்பதால் இணைப்பதும் கிடையாது. இதையெல்லாம் இந்த வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

"மாமா, டப்பா போனாப் போகுதுங்க. நான் போட்ட டிசைன் அத்தனையும் இந்த டிஸ்க்லதான் இருக்குது."

"கூகுள்ல இருக்குமல்ல?"

"இல்லைங்க."

"தறிமேல இருக்கற ஜக்கார்டுப் பெட்டியில?"

"தறிப் பெட்டியில இப்ப ஓடற டிசைன் மட்டுந்தான் இருக்கும். அதுவும் தறி படிக்கற மாதிரி கடைசியா வெட்டி ஏத்தினது. கலர் கிடையாது, இழை கட்டற கணக்கு கிடையாது, மாத்திப் போட வழி கிடையாது. பத்து வருஷமா நான் வரைஞ்சது எதுவும் அங்க இல்லைங்க."

சோளக்கதிர் பார்டர் அதில் இருந்தது. சங்ககிரி லாரிப் பட்டறையில், பெயிண்டர் ஒருவர் பின்கதவில் போட்ட தாமரையைப் பார்த்து அவள் வரைந்த புட்டாப் பூ இருந்தது. மேட்டூர் மதகுகளை முந்தானையாக மடித்துப் போட்டது இருந்தது. அதை மட்டும் நாலு மாதம் வரைந்தாள். கடைக்காரர்கள் 'வீரபாகு டிசைன்' என்று கேட்டு வாங்குகிற சேலைகளெல்லாம் அதில்தான் இருந்தன.

"நான் உங்க ஜக்கார்டுப் பெட்டிக்குள்ள என்னைக்காவது கை விட்டிருக்கறனா? ஒரு வார்த்த கேக்கலாமில்ல? கேக்கறதுக்கு வாய் வலிக்குதா?"

"அம்மிணி, வாய அடக்கிப் பேசு. நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"நல்லதுக்குன்னு என்ற கண்ணுலயும் கம்ப்ரஸர் அடிப்பீங்களா? அங்கயும் தூசி இருக்குமில்ல?"

கூடத்தின் மூலையில் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தீனதயாளன் கயிற்றை விட்டுவிட்டு வந்தான். "மோகனா, பொறு. சாமி கும்பிட்டுப் பேசிக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க. நல்லவேளை, டிசைனுக்கெல்லாம் காப்பி இருக்குது. பீரோவுல வெச்ச டிஸ்க்குல ஆடி வரைக்கும் காப்பி எடுத்து வெச்சிருக்கறேன். ரண்டு மாச வேலதான் போகும். அந்த ரண்டு மாசத்துக்குத்தான் இத்தன கேக்கறேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். தீனதயாளன் பின்னாலேயே வந்தான். பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து அவள் அந்தக் கறுப்பு டிஸ்க்கை எடுத்ததும் அவன், "கொஞ்சம் நில்லு" என்றான். அந்தக் குரலில் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஆவணியில நம்ம சித்தப்பா பையன் யோகேஷ் கல்யாணம் நடந்துதல்ல. வீடியோக்காரன் டிஸ்க் இருந்தாக் குடுங்க, அதுலயே போட்டுத் தாரேன்னான். புதுசு வாங்கலாம்னுதான் இருந்தேன். அண்ணன்தான், வீட்டுல சும்மா கெடக்கறதக் குடுடான்னுச்சு."

"சும்மா கெடக்கறதா?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம் மோகனா. உள்ள நம்பர் நம்பரா என்னமோ இருந்துச்சு. எதத் தொட்டாலும் தொறக்கல. கெட்டுப்போன பைலுன்னு நெனச்சு ஃபார்மட் பண்ணிக் குடுத்துட்டேன்."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பில் போடுவார்கள். டிசைன் சாப்ட்வேர் அதில் கிடையாது. அங்கே அந்த பைல்கள் ஒருநாளும் திறக்காது. தறிக்கூடத்தில் ஓடாத பொருளைக் காயலான் கடைக்குப் போடுவார்கள். டிஸ்க்கையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, திறக்கவில்லை என்று தீர்மானித்து அழித்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் அவள் படம் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எங்கிட்டச் சொல்லல."

"சொன்னாச் சத்தம் போடுவியேன்னுதான்..."

"இப்பப் போடல பாருங்க."

உண்மையில் அவள் குரல் இறங்கித்தான் போயிருந்தது. அந்தக் கறுப்பு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குத் திரும்பினாள். வீரபாகுவுக்கு முன்னால் பலகையில் அதை வைத்தாள்.

"இதையும் வெச்சுக் கும்பிடுங்க மாமா. என்ற பத்து வருஷத்த அழிச்சுட்டு, யோகேஷ் எலையில ரசம் ஊத்திச் சாப்பிடறதப் பத்திரமாப் பதிவு பண்ணி வெச்சிருக்கறீங்க."

வீரபாகு தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"சரி, ஆனது ஆச்சு," என்றார் வீரபாகு. குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் பிசிறு தட்டியது. "தை முகூர்த்தத்துக்குப் புது பார்டர் போட்டியே, அது மறு பூஜை முடிஞ்சதும் தறியில ஏறணும். பாவு தயாரா இருக்குது. அது எங்க இருக்குது?"

"நீங்க பொட்டு வெச்ச எடத்துக்குக் கீழ."

"மனசுல இருக்குமல்ல? ஒக்காந்து திருப்பிப் போட்டுரு."

மோகனப்பிரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. இந்த மனிதருக்கு இப்போதும் நடந்தது புரியவில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுத் தறியை மறுபடி ஓட்டிவிடுவது போல இதையும் நினைக்கிறார். தப்பு செய்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, வரப்போவதும் இல்லை.

"போட மாட்டேனுங்க," என்றாள்.

"என்ன?"

"உங்க தறிக்கு இனி நான் படம் போட மாட்டேன்."

"ஏ சாமி, நல்ல நாளும் அதுவுமா..." என்று ராமாத்தாள் குறுக்கே வந்தாள். மோகனப்பிரியா லேப்டாப்பின் மேலிருந்த செவ்வந்திச் சரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதை மூடிக் கையில் எடுத்தாள். "பூஜையில வெச்சத நாளைக்கு மறு பூஜை ஆகாம எடுக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆகாது. சொன்னாக் கேளு."

"எடுத்தா ஆகாதுங்கறீங்க. வெச்சதுல என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல, அத்தை."

லேப்டாப்பையும் ஹார்டு டிஸ்க்கையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெளியே மணி அடித்தது. பூசணிக்காயை வீரபாகுதான் உடைத்தார். பொரி வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை. தீனதயாளன் ஒரு தட்டில் கொண்டுவந்து கதவோரம் வைத்தான். ராத்திரி வரை அது அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் பஸ்ஸில் சேலம் போனார்கள். தீனதயாளன் வருகிறேன் என்றபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் அவன் மூன்று முறை பேச ஆரம்பித்தான். மூன்றாவது முறை அவள், "காத்தடிச்சது உங்கண்ணன். அது தெரியாமப் பண்ணினது. காப்பிய அழிச்சுட்டு எங்கூட ஒக்காந்து தெனமும் சோறு தின்னது நீங்க" என்றாள். பக்கத்து சீட்டிலிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள்.

டிஸ்க்கை மாற்றிக் கொடுத்த அதே கடைக்காரர் அதைக் காதருகே வைத்து மெல்ல அசைத்தார். பிறகு துவாரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை உற்றுப் பார்த்தார். "சாமிக்கு வெச்சீங்களா?" என்று கேட்டார். தீனதயாளன் தலையாட்டினான். "நான் தொறக்க மாட்டேன்மா. கோயம்புத்தூருக்கு அனுப்பறேன். கறுப்பு டிஸ்க்கையும் சேத்து அனுப்பறேன். ஆனா அது மேல கல்யாணத்த முழுசா எழுதியிருக்குது, நம்பிக்க வெக்காதீங்க."

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஹார்டு டிஸ்க்கின் தகட்டில் ஊசி உரசி வட்டம் வட்டமாகக் கீறியிருந்தது. எந்த பைலையும் எடுக்க முடியவில்லை. கறுப்பு டிஸ்க்கில் கல்யாண வீடியோவைத் தவிர வேறொன்றும் இல்லை.

வீரபாகு ஆத்தூர் பக்கத்து டிசைனர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். தைக்குள் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். தை முகூர்த்தத்துக்கு அந்தத் தறிகளில் போன வருடத்து பார்டரே ஓடியது. மோகனப்பிரியா இளம்பிள்ளை கடைவீதியில் ஓர் அறை எடுத்து, லேப்டாப்பில் புது டிஸ்க் போட்டு, மற்ற தறிக்காரர்களுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறாள்.