வடிகால் மனு, இரண்டாம் தடவை

பால் சொசைட்டிக் கட்டடத்தில் நடந்த உழவர் மகளிர் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவர் ரத்தினம்மாள், அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில். பொருளாளர் ஞானமேரி, கவிழ்த்துப் போட்ட பால் கேன் மேல். குத்தகைக்குப் பயிர் வைக்கும் இளவரசி வாசற்படியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு. மற்ற உறுப்பினர்கள் சுவரோரம், ஈரத் தரையில் சாக்கை விரித்து. செயலாளர் சத்யப்பிரியா மட்டும் பால் அளக்கும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்கார அவளுக்குப் பொறுமை இல்லை. சங்கத்தில் இல்லாதவர் ஒருவரும் இருந்தார்: அவள் கணவர் ராஜவேல், ஜன்னலுக்கு வெளியே, மோட்டார் சைக்கிள் மேல். அவராக வரவில்லை, வரவழைக்கப்பட்டிருந்தார்.

சங்கதி இதுதான். ஊர்க் கோடியிலுள்ள வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழை பெய்தால் தண்ணீர் வெள்ளாற்றுக்குப் போக வழியில்லாமல் கடைமடையில் நின்றுவிடுகிறது. அந்தக் கடைமடையில்தான் இளவரசியின் குத்தகை நிலம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் சம்பா அழுகிப்போனது. இந்த வருஷமும் மூழ்கினால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகக் கடலூரில் இருக்கும் நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் சங்கத்தின் பேரில் கடலூர் கலெக்டருக்கு ஒரு மனு போட்டார்கள். அது என்ன ஆயிற்று என்று சேத்தியாத்தோப்பு கம்ப்யூட்டர் கடையில் பார்த்து வந்திருந்தாள் சத்யப்பிரியா. கையிலிருந்த தாளை வாசித்தாள்.

“மனுதாரரிடம் தொலைபேசியில் விசாரிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை எனத் தெரிவித்தார். மனு முடித்து வைக்கப்பட்டது.”

“மனுதாரர்னா நீதானேடி?” என்றாள் ரத்தினம்மாள். “நீயா அப்படிச் சொன்ன?”

“நான் சொல்லல அத்தை. அதோ, வண்டி மேல உக்காந்திருக்காரே, அவுரு சொன்னாரு.”

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. ராஜவேல் கண்ணாடியில் மீசையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

“சொல்லுங்க மாமா. அவுங்களுக்கும் சொல்லுங்க,” என்றாள் சத்யப்பிரியா.

“என்னாத்த சொல்றது? ஆபீசரு மரியாதையா பேசுனாரு. ஏதாச்சும் குறை இருக்குங்களான்னு கேட்டாரு. பெரிய மனுஷன் அப்படிக் கேக்கும்போது இருக்குன்னா சொல்லுவாங்க? ஒரு குறையும் இல்லீங்க சார், நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டேன்.”

“எதைப் பத்திக் கேக்குறாருன்னாவது கேட்டீங்களா?”

“கேட்டா தப்பா நெனக்க மாட்டாரா?”

“அண்ணே,” என்றாள் ஞானமேரி, “எங்க அண்ணிய பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரியில போட்டாக்கூட டாக்டர்கிட்ட ஒரு குறையும் இல்லன்னுதான் சொல்லுவீங்க போல.”

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீசர் கூப்பிட்ட அந்த எண்ணை மனுவில் எழுதியது அவள் கைதான். ரேஷன் அட்டை, கேஸ், பேங்க், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். மனுவில் கைப்பேசி எண் என்ற கட்டம் வந்ததும் பேனா தன்பாட்டுக்கு அதையே எழுதிவிட்டது.

“இந்தத் தடவை யார் வீட்டுக்காரர் நம்பரும் வேணாம். அவங்கவங்க சொந்த நம்பரைச் சொல்லுங்க,” என்றாள்.

எல்லாரும் அவரவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“என் நம்பர் எனக்கு எப்படிடி தெரியும்?” என்றாள் ரத்தினம்மாள். “எனக்கு நானே போன் பண்ணிக்கிறேனா?”

சரி, ஆளுக்கு ஆள் மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள் என்றாள் சத்யப்பிரியா. கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் முருகன் பாட்டும் மாதா பாட்டும் குழந்தை அழுகைச் சத்தமும் கிளம்பின. ரத்தினம்மாளின் போனில் தன் பெயர் ‘மேரி மாடு’ என்று வருவதை ஞானமேரி பார்த்துவிட்டாள். மேரி வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போடுவது பற்றி எப்போதோ பேசியபோது பதிந்ததாம். அதற்கு ஒரு சண்டை. எல்லா எண்ணும் தாளில் ஏறி முடிப்பதற்குள் சத்யப்பிரியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“இளவரசி, உன்னுது?”

“என் பேரு வேணாங்க்கா.”

“தண்ணி நிக்கிறது உன் நெலத்துல. நீ கையெழுத்து போடலன்னா, பாதிக்கப்பட்டது யாருன்னு கேப்பாங்களே, அதுக்கு நான் என்னா சொல்லுவேன்?”

“பட்டா நெலத்துக்காரரு பேர்ல இருக்குக்கா. குத்தகைன்னு எங்கயும் எழுத்தே கெடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். என் பேர்ல மனு போச்சுன்னா, இவ நாளைக்கு உரிமை கேப்பாளோன்னு பயந்துக்குவாரு. மறுநாளே நெலத்த உட்டு எறக்கி உட்டுடுவாரு.”

சத்யப்பிரியா பேனாவை மேசைமேல் போட்டாள். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ராஜவேலின் தலை தெரிந்தது. “நான் வேணா அந்த ஆபீசருக்கு போன் போட்டு, குறை இருக்குன்னு சொல்லிடவா?”

“வேணாம்!” என்று அத்தனை பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள். படியிலிருந்த இளவரசியின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. கத்திவிட்டு அவளே சிரித்தாள். வெளியே வைத்திருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“எழுதுனாலும் எறக்குவாரு, மழை வந்தாலும் எறக்குவாரு. மழை வந்து எறங்குனா வெத நெல்லும் சேந்து போயிடும். குடுங்கக்கா அந்தத் தாள.”

உள்ளே வந்து, தலைவருக்கும் முன்னால் முதல் கையெழுத்தைப் போட்டாள். பெயருக்குக் கீழே ‘பயிர் செய்பவர்’ என்று எழுதி, எண்ணையும் எழுதினாள். பெயருக்கு முன்னால் கணவர் பெயருக்காகச் சத்யப்பிரியா விட்டிருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

“நெலத்துக்காரரு கேட்டா?” என்றாள் ஞானமேரி.

“கேக்கட்டும். நான்தான் நட்டேன், நான்தான் எழுதுனேன்னு சொல்லிக்கிறேன்.”

தபாலைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ராஜவேல் சொல்லிப் பார்த்தார். சத்யப்பிரியா அவரைப் பார்த்த பார்வையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவளும் இளவரசியும் பஸ் ஏறிச் சேத்தியாத்தோப்பில் இறங்கினார்கள். தபாலாபீசில் பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. கேட்டால், நாளைக்கு வரும் என்றார்கள். இளவரசி எதிர் ஓட்டலுக்குப் போய்ச் சோற்றுப்பருக்கை வாங்கிவந்து, உறையின் வாயில் நசுக்கித் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒட்டியது. ஸ்பீடு போஸ்ட் கௌண்டர்காரர் அதை எடை போட்டு, சீட்டு ஒட்டி, கடலூர் பைக்குள் போட்டார்.