பட்டம் பெற்ற நாள்

பாரிஸில் வைத்தியம் படித்துத் திரும்பிய என் தம்பி வேதாசலம், பாகூர் வீட்டில் பட்டப் பத்திரத்துக்காகக் காத்திருந்தான். என் மனைவி கஸ்தூரி பிரசவ வலியில், பிள்ளை வெளியே வராமல் துடித்தபோதும் அறைக்குள் வர மறுத்துவிட்டான்.

"பட்டம் இன்னும் கைக்கு வரலண்ணா. நான் வைத்தியம் பார்த்தா சர்க்கார் ஜெயில்ல போட்டுடும்."

"தம்பி டாக்டருதானே, வரச் சொல்லுங்க" என்று கத்திக் கத்தியே செத்தாள் கஸ்தூரி. பிள்ளையும் போயிற்று.

அறுவடை முடிந்த பிறகு பத்திரம் கப்பலில் வந்தது. பரீட்சைக்காரர்கள் முன்னால் ஆய்வேட்டை விளக்கித் தேறிய நாள்தான் பட்டம் பெற்ற நாள் என்று அதில் எழுதியிருப்பதாக வேதாசலம் மெதுவாகச் சொன்னான்.

"அது எப்போடா?"

"நான் ஊருக்குக் கப்பல் ஏர்றதுக்கு முன்னாடிண்ணா."

"அப்போ, அவ கூப்டப்போ நீ டாக்டருதான்டா."